எஸ்கலின் வீட்டுக்கு வந்த நண்டுகள்

சத்தியம், சத்தியம், மூன்றாவது தடவையும் சத்தியம். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து இந்த டீக்கிளாசுக்குள் விழட்டும், நாற்பது வருஷம் வலை இழுத்த கை வெற்றிலை கிள்ளக்கூட விளங்காமல் போகட்டும், கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சொல்லச் சொன்னால் தொட்டும் சொல்வேன், தொடாமலும் சொல்வேன். சங்குமுனைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்லுவார்கள். என்ன, அவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவார்கள். எனக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது, குறைத்துத்தான் பழக்கம்.

சங்குமுனை நண்டுக் கொட்டகையில் தரம் பிரிக்கிறவள் எஸ்கலின். கரைக்கு வருகிற நண்டெல்லாம் நண்டு ஆகிவிடாது என்பது கடற்கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். பௌர்ணமியை ஒட்டிப் பிடிபடுவது பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஓட்டைப் பிளந்தால் ஒரு கரண்டி உப்புத்தண்ணீர்தான்; அமாவாசை நண்டு ஆள் இளைத்தாற்போல் இருக்கும், பிளந்தால் கொள்ளாத சதை. மற்ற பெண்கள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், காலைத் திருகிப் பார்ப்பார்கள். எஸ்கலின் கையில் ஏந்தி ஒரு தூக்குத் தூக்குவாள், அவ்வளவுதான், சதை நண்டு இந்தப் பக்கம், தண்ணி நண்டு அந்தப் பக்கம், வாய் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும், கண் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் தப்பாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் புருஷன் போன வள்ளம் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்தக் கைதான் அவளுக்கும் அவள் மகள் ஜெபினாவுக்கும் சோறு போட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஜெபினாவை நண்டு நாற்றம் ஏறாத ஓரிடத்தில் வெள்ளை உடுப்போடு பார்த்துவிடவேண்டும், அது ஒன்றுதான் எஸ்கலின் மனசில் இருந்த ஆசை, அதற்காகத்தான் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

விண்ணப்பம் போட்டது கிளாட்வின் கடையில். சங்குமுனையில் வேறு எங்கே போடுவது? பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று, செத்த கிழவனுக்கு இறப்புச் சான்று, இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கிறவனுக்கு டீசல் மானியம், வள்ளப் பதிவு, புயல் நிவாரணம், எல்லா விண்ணப்பப் பாரமும் அவன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகவேண்டும். ஊரில் அத்தனை பேருடைய போன் நம்பரும் அவனுடைய நீள நோட்டில் இருந்தது, அத்தனை பேருடைய கடவுச்சொல்லும் அவன் மண்டையில் இருந்தது. ஆள் மரியாதையானவன், நெற்றியில் விழாத தலைமுடி, மடிப்புக் கலையாத சட்டை, வயசு நாற்பதைத் தொட்டும் தொடாதது.

விண்ணப்பம் போட்ட மறுநாள் எஸ்கலின் போனுக்கு ஒரு செய்தி வந்தது, சாப்பிட்டாச்சா என்று. மத்தியானமும் வந்தது, சாப்பிட்டாச்சா. இருட்டியதும் வந்தது. பிறகு இன்னைக்கு ஏன் அந்த நீலச் சேலை கட்டலை என்று வந்தது. ஒரு மாசம் அவள் பதில் போடவில்லை, மகளிடம் சொல்லவில்லை, போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆள் வரிசையில் நிற்கிறபோது நேரே உள்ளே போய், குரலை உயர்த்தாமல், நண்டைத் தூக்குகிற மாதிரி ஒரே தூக்காகச் சொன்னாள்: "தம்பி, நான் சாப்பிட்டேனா இல்லையான்னு எம்மவ பாத்துக்குவா. இனிமே அனுப்பாதீங்க."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். கிளாட்வின் சிரித்தான், தப்பா எடுத்துக்கிட்டீங்களே என்றான், அடுத்த ஆளின் ஆதார் அட்டையை வாங்கினான்.

திங்கட்கிழமை விடிந்தபோது எஸ்கலின் போனில் நானூறு செய்தி கிடந்தது. கடன் தயார் என்று முப்பது இடத்திலிருந்து, வரன் தயார் என்று அறுபது இடத்திலிருந்து, கலெக்டர் பரீட்சைக்குப் பயிற்சி, வழுக்கையில் முடி நடுவது, மனைப்பட்டா, மாட்டுக்குக் காப்பீடு, எங்களோடு இணைந்ததற்கு நன்றி எஸ்கலின் அவர்களே, உங்கள் ஓ.டி.பி. இதோ எஸ்கலின் அவர்களே, நல்வரவு எஸ்கலின் அவர்களே. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து அவள் பேரையும் நம்பரையும் உலகத்தில் இருக்கிற கதவிலெல்லாம் எழுதி ஒட்டியிருந்தார்கள். மறுநாள் தொள்ளாயிரம். பெண் பார்க்க எப்போது வரலாம் என்று முன்பின் தெரியாத ஆண்கள் கூப்பிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருத்தர் வாடகை வண்டி பிடித்து, பூவும் பழமுமாக வந்தே விட்டார். போன் சுட்டது, துணியில் சுற்றினால் துணி சுட்டது, ஈர மணலில் புதைத்து வைத்தால் மணல் புகைந்தது. ஒன்பதாம் நாள் அது ஒரு விக்கல் விக்கி நின்றுவிட்டது.

எஸ்கலினுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்கு ஆயுசு அரை மணி நேரம்.

போனுக்குள் நுழைய இடமில்லாத செய்திகள் நடந்து வந்தன. முதலில் வந்தது உள்ளங்கை அகல நண்டு ஒன்று, வாசற்படி ஏறி, அடுப்படி வரை வந்து, முன்னங்காலைத் தூக்கி நின்றது. அதன் முதுகில் சுத்தமான எழுத்தில் எழுதியிருந்தது: அன்பார்ந்த எஸ்கலின், உங்கள் வீட்டுக்கடன் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதன் பின்னால் ஒரு வரன். அதன் பின்னால் ஒரு வழுக்கை. மத்தியானத்துக்குள் இருநூறு நண்டு சிமெண்டுத் தரையில் டக் டக் டக்கென்று நடந்துகொண்டிருந்தன, ஒன்றும் கடிக்கவில்லை, ஒன்றும் தின்னவில்லை, அவள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டி, வாசி வாசி என்று நின்றன.

ஊர் இதற்குப் பெரிதாக ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் கரையில் நண்டு முதுகில் சிலுவை இருப்பதைப் பார்த்து வளர்ந்த ஜனம், சிலுவை இருக்கலாம் என்றால் வீட்டுக்கடன் ஏன் இருக்கக்கூடாது? பங்குச்சாமியார் வந்து ஒன்றைத் தூக்கி வாசித்துப் பார்த்தார், அவருக்கு வாய்த்தது வரன் நண்டு, முப்பத்தைந்து வயது, சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லை என்றிருந்தது. இது ஞானோபதேசத்தில் வராது என்று சொல்லிக் கீழே விட்டுவிட்டார். எஸ்கலின் ஒரு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். புகார் எழுதுகிறவர் சாக்கைப் பார்த்தார், யார்மேல் சந்தேகம், பேரைச் சொல்லும்மா என்றார். சொன்னாள். பார்த்த சாட்சி உண்டா என்றார். இல்லை. சாட்சி இல்லாமல் நண்டை மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்றார், அது ஒரு நியாயம்தான்.

இரண்டே வாரத்தில் ஊர் அந்த நண்டுகளுக்குப் பழகிவிட்டது. பழகியது மட்டுமா, அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. குழம்பு வைத்துப் பார்த்தார்கள், ஓட்டுக்குள் சதை என்று பேருக்குக்கூட இல்லை, ஒரு கரண்டி தண்ணீர், அதுவும் நாக்கில் பட்டால் யாரோ பக்கத்தில் நின்று உற்றுப் பார்ப்பது போல ஒரு கூச்சம். சரி, தின்ன ஆகாது, தென்னைக்கு ஆகும் என்று கூடைகூடையாக அள்ளிக்கொண்டுபோய் மூட்டில் புதைத்தார்கள், தென்னை பாளை தள்ளியது. தூண்டிலுக்கு இரையாகப் போட்டார்கள். ஓட்டைச் சுட்டு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் முதுகைப் பார்த்தே எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டு, தவணைமுறை, தள்ளுபடி என்றெல்லாம் தப்பில்லாமல் சொல்லின. எஸ்கலின் வாசலில் விடியும் முன்பே கூடையோடு ஆள் நின்றது. வந்த நண்டில் ஒன்றுகூடத் தரையில் தங்கவில்லை, அள்ளப்பட்டது, புதைக்கப்பட்டது, சுடப்பட்டது. கடற்கரையில் பிறந்தவர்கள் கையில் கிடைத்த நண்டை விடுவார்களா? விட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

எஸ்கலின் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. கண்ணை மூடினால் டக் டக். கஞ்சிப் பானையைத் திறந்தால் எஸ்கலின் அவர்களே. சேலையை உதறினால் அதிலிருந்து ஒரு நல்வரவு விழுந்தது. எதிர்வீட்டு வாய்த்தகராறில் ஓங்கி அடைத்த கதவுக்கு அவள் எழுந்து தெருவுக்கு ஓடினாள், கொட்டகையில் முதல்முறையாகத் தண்ணி நண்டைச் சதை நண்டென்று போட்டாள், இரண்டாவது முறையும் போட்டாள். சம்பளத்தைப் பற்றிக் கவலையில்லை, கை போய்விட்டால் என்ன செய்வது என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் ஜெபினா வகுப்புத் தோழியின் போனில் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். இடம் கிடைத்துவிட்டது, நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில். ஆனால் புதன்கிழமை அம்மா நம்பருக்கு ஆறு இலக்க ஓ.டி.பி. ஒன்று வரும், அன்று மாலை ஐந்து மணிக்குள் அதைப் போடவேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரே தடவைதான் அனுப்புவார்கள், போடாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். சிம்மை வேறு போனில் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் விக்கி நின்றது; நம்பரை மாற்றலாம், அதற்குக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே கிளாட்வின் வந்தான். படியேறவில்லை, தெருவிலேயே நின்றான், சட்டையில் மடிப்புக் கலையவில்லை, காலடியில் ஊர்ந்த நண்டுகள் வீட்டு ஆளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்கிப் போயின, அதை எஸ்கலின் பார்த்தாள், அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

"போன் போயிட்டுன்னாவளே. புதன்கிழமை நம்பர் வரணும்லா? கடை அடைக்கிற நேரத்துக்கு வாங்க, தனியா வாங்க, மாத்தித் தாறேன்." போகிறவன் திரும்பி நின்று மெதுவாகக் கேட்டான்: "சாப்பிட்டாச்சா?"

எஸ்கலின் நண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு படிக்கு வந்தாள். வந்து சொன்னாள். "உங்களத் தூக்கிப் பாத்தாச்சு, தம்பி. தண்ணி."

மறுநாள் மணிக்கூண்டின்கீழ் ஊர்க்கமிட்டி கூடியது. அவளுக்காகக் கூடவில்லை, அவள் கிளாட்வினை அப்படிப் பேசிவிட்டாள் என்பதற்காகக் கூடியது. டீசல் மானியப் பாரம் அந்த வாரம் போகவேண்டும். அவன் கோபித்துக்கொண்டு கடையை அடைத்தால் எழுபது வள்ளம் கரையில் கிடக்கும். அவன்தான் அனுப்புகிறான் என்பதற்கு யார் சாட்சி, பாவம் அவன் உதவி செய்யத்தானே வந்தான் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொன்னார்கள். வாயில் இரண்டே பல் மிச்சமிருந்த ஒரு கிழவன், பெரிய மனுஷன் மாதிரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "எதுக்கும்மா வம்பு? ஒருவாட்டி சிரிச்சுப் பேசிட்டா முடிஞ்சு போச்சு" என்றான்.

"நீங்க போய்ச் சிரிங்க மாமா," என்றாள் எஸ்கலின். "அந்த ரெண்டு பல்லுக்கும் ஒரு வேல வேண்டாமா."

சிரிப்பு எழுந்தது, அடங்கியது, தீர்மானம் ஒன்றும் ஆகாமல் கூட்டம் கலைந்தது. கிழவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

புதன்கிழமை வந்தது. அன்று நண்டு வந்தது போல என்றைக்கும் வந்ததில்லை. பத்து மணிக்கெல்லாம் நண்டு ஜன்னல் உயரத்துக்கு நின்றது, கதவைத் திறக்க முடியாமல் எஸ்கலினும் ஜெபினாவும் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே இறங்கினார்கள். அத்தனையின் முதுகிலும் ஆறு இலக்கம், அத்தனையிலும் எஸ்கலின் அவர்களே உங்கள் ஓ.டி.பி., எது எந்தக் கதவுக்கு என்று எழுதியிருக்கவில்லை. தோழியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபினா அழுதாள். மூன்றுதடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளுமாம்.

எஸ்கலின் ஒரு நண்டை எடுத்தாள். தூக்கினாள். தண்ணி. இன்னொன்று. தண்ணி. அப்போதுதான் அவளுக்குப் பட்டது: இத்தனையும் அவளைத் தெரியாமல் வந்தவை, நம்பரை மட்டும் தெரிந்தவை, உள்ளே ஒன்றும் கிடையாது. அவளுக்கென்றே ஒருத்தர் நினைத்து அனுப்பியது இருந்தால் அதில் சதை இருக்கும். ஒரு கூடை பார்த்தாள், இரண்டு கூடை பார்த்தாள். மணி ஒன்று. வீட்டுக்குள் இன்னும் ஐந்நூறு கூடை.

மத்தியான வெயிலில் கொட்டகைப் பெண்கள் பதினோரு பேரும் வந்து நின்றார்கள். மலைபோல் கிடந்த நண்டைப் பார்த்தார்கள். கடைசியில் பவுலின், போன வைகாசியில் கல்யாணமான பிள்ளை, மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் வந்துச்சு, எக்கா. சாப்பிட்டாச்சான்னு."

எனக்கும் என்றாள் அவளுக்கு அடுத்தவள். மூன்று பிள்ளை பெற்றவள் எனக்கும் என்றாள். மற்றவர்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள், அதுவே பதில்.

பன்னிரண்டு பெண்கள், இருபத்துநாலு கை. எடு, தூக்கு, தண்ணி, விடு. எடு, தூக்கு, தண்ணி, விடு. கூடையில் போட நேரமில்லை, தலைக்குமேல் வீசி மணலில் விட்டார்கள், அள்ள வந்த ஆம்பிளைகளை, தொட்டால் கையை முறிப்போம் என்று விரட்டினார்கள். அந்த நண்டுகள் சங்குமுனைக்கு வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் ஊர் அவற்றைச் சும்மா விட்டது. விட்ட நண்டு தன் வளைக்குத்தான் போகும், இதைச் சொல்லித்தர எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் வேண்டாம். மணலில் விழுந்த நண்டுகள் கண்ணை நீட்டி நாலாபக்கமும் பார்த்தன, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, திருவிழாச் சப்பரத்துக்குப் பின்னால் ஜனம் போவதுபோல வரிசை கட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி, கோயிலைத் தாண்டி, ஏலக்கூடத்தைத் தாண்டி, நடக்கத் தொடங்கின.

ஊர் பின்னாலேயே போனது. நண்டு வேகத்துக்கு மெதுவாகப் போனது, கமிட்டிக்காரர்கள், வள்ளக்காரர்கள், பங்குச்சாமியார், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், அந்த இரண்டு பல் கிழவன், யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் ஏலக்கூடத்தைத் தாண்டியதுமே வரிசை எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கிளாட்வின் தூரத்திலேயே பார்த்து ஷட்டரை இழுத்தான். நண்டுகள் ஷட்டருக்கு அடியில் நுழைந்தன, மேஜை ஏறின, கீபோர்டின் சந்து வழியாக, பிரிண்டரின் வாய் வழியாக, நீள நோட்டின் பக்கங்களுக்கு நடுவில், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி ஆற அமரப் போய் உட்கார்ந்தன. உள்ளே அவன் கத்துவது கேட்டது. ஷட்டரைத் தூக்கிவிட ஒரு கையும் நீளவில்லை.

எஸ்கலின் இது எதையும் பார்க்கவில்லை. எடு, தூக்கு, தண்ணி, விடு. மூன்றரை மணிக்கு ஒரு நண்டு கையில் கனத்தது. திருப்பி முதுகைப் பார்த்தாள். இலக்கம் இல்லை. மஸ்கட்டில் இருக்கிற தம்பி இருபது நாளைக்கு முன் அனுப்பி, இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது: அக்கா சுகமா, போன் போகவே மாட்டேங்குதே. அதை ஈரத்துணி போட்டு ஒரு சட்டியில் பத்திரமாக வைத்தாள், அழுவதற்கு நேரமில்லை. நாலு மணி. நாலேகால். வீட்டுத் தரை தெரிந்தது. நாலரைக்கு மூலையில் கிடந்த கடைசி நண்டையும் தூக்கிப் பார்த்தாள். தண்ணி.

பன்னிரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எஸ்கலின் கேட்டாள்: "யார் கையிலயாவது கனத்துச்சாட்டி?"

பவுலின் எழுந்து நின்றாள். கடலைக் கைகாட்டினாள். "ஒண்ணு கனத்துச்சு, எக்கா. சினை நண்டு. திருப்பிப் பாக்கல, பழக்கத்துல கடலப் பாத்து வீசிட்டேன்."

முட்டை சுமக்கிற நண்டு வலையில் வந்தால் தண்ணீரில் விட்டுவிடவேண்டும், எவ்வளவு பசியென்றாலும் தொடக்கூடாது, எங்கள் கரை வழக்கம் அது, இங்கே பிறந்த கை அதைத் தானாகச் செய்யும். ஒருத்தியும் பவுலினைத் திட்டவில்லை, எந்தக் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். அலைவாய்க்கு ஓடினார்கள், ஈர மணலைப் பறித்தார்கள், முழங்கால் தண்ணீரில் துழாவினார்கள். நாலே முக்கால். எஸ்கலின் மட்டும் ஓடவில்லை. காலியான வீட்டு வாசலில், வெறும் கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விட்ட நண்டு தன் வளைக்குத்தான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள், ஜெபமாலை போல, திரும்பத் திரும்ப.

நாலு ஐம்பத்திரண்டுக்கு டக் டக் என்று கேட்டது. ஒரே ஒரு நண்டின் நடை. ஊர் முழுக்க வடக்கே கடையைப் பார்த்து நிற்க, அது கடற்பக்கமிருந்து தனியாக, வயிற்றுச் சுமையோடு தட்டுத்தடுமாறி, கிளாட்வின் கடைப்பக்கம் திரும்பாமல், தேடி நிற்கிற பெண்களின் கால்களுக்கு ஊடே நுழைந்து, படியேறி, எஸ்கலினைத் தாண்டிப் போய் ஜெபினாவின் காலடியில் நின்று முதுகைக் காட்டியது. எஸ்கலின் தூக்கிப் பார்த்தாள். கை தாழ்ந்தது. அத்தனை கனம்.

ஜெபினா ஆறு இலக்கத்தையும் போட்டாள். அது என்ன இலக்கம் என்று கேட்காதீர்கள். இதை யாரிடமும் பகிரவேண்டாம் என்று அதன் முதுகிலேயே எழுதியிருந்தது. இடம் உறுதி என்று போனில் பச்சை எழுத்து வந்ததும் எஸ்கலின் முழங்காலளவு தண்ணீருக்குள் போய் அந்த நண்டை விட்டாள், வீட்டுக்கு வந்து படுத்தாள், மூன்று நாள் தூங்கினாள்.

நாலாம் நாள் மறுபடி ஸ்டேஷனுக்குப் போனாள். இந்தத் தடவை சாக்கு இல்லை, ஊரே கூடப் போனது. சாட்சி யார் என்று கேட்டவருக்குப் பேனா மை தீர்ந்துபோயிற்று. வழக்கு நடக்கிறது. கிளாட்வின் கடை தோண்டத் தோண்ட நண்டு வளையாகக் கிடக்கிறது, டீசல் பாரங்களை இப்போது லீவுக்கு வரும் ஜெபினா எழுதிக்கொடுக்கிறாள். அவன் ஜாமீனில் வந்து வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருக்கிறான், வெளியே தலை காட்டினால் போதும், தண்ணீர் எடுக்கப் போகிற பெண் நிற்பாள், மீன் விற்கப் போகிற பெண் நிற்பாள், கோயிலுக்குப் போகிற பெண் நிற்பாள், சிரிக்காமல், ஏசாமல், ஒரே ஒரு வார்த்தை மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவாள்: சாப்பிட்டாச்சா?

இவ்வளவுதான் கதை. கேட்டவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எஸ்கலின் காதுக்குப் போனால் வாசலில் வந்து நின்று, வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் இந்த ரெண்டு பல்லும் எங்கே போச்சு மாமா என்று கேட்பாள். அதற்குமுன் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். இதோ, பல்லில் ஒன்று லேசாக ஆடுகிறது பாருங்கள். அது வேறு காரணம்.